மண்வெட்டியின் வாய்

தோட்டச் செய்கையில் உழவைப் பற்றியும் எருவைப் பற்றியும் நீரைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகின்றோம். களை கட்டலைப் பற்றிப் பேசுவோர் சிலர். களை கட்டும் கருவியைப் பற்றிப் பேசுவோர் அவரினும் சிலர். வள்ளுவரோ உழவு, எரு, களை கட்டல், நீர், காவல் என்னும் ஐந்தையும் ஒரே குறளில் ஒருங்கு வைத்தார்.

மழுங்கிய மண்வெட்டி புல்லை அறுப்பதில்லை. மண்ணோடு அழுத்திவிட்டு நழுவிச் செல்கின்றது. ஒரு வெட்டிலே முடியவேண்டிய வேலை மூன்று வெட்டாகின்றது. மிகுதி இரண்டு வெட்டுக்கும் விலை கொடுப்பது உழைப்பவரின் இடுப்பேயாகும். ஆதலின் கருவியைத் தேர்தலும் தீட்டுதலும் சிறிய விஷயங்கள் ஆகமாட்டா.

முதலில் தேர்வைக் காண்போம். நிலத்தைக் கிண்டுவதற்குப் பாரமான மண்வெட்டி வேண்டும். புல்லுச் செருக்குவதற்குப் பாரம் குறைந்ததே ஏற்றது. பல காலம் கிண்டித் தேய்ந்த மண்வெட்டியைச் செருக்குவதற்கென ஒதுக்கி வைத்தல் நல்ல சிக்கனம். வெங்காயப் பாத்தி போன்ற நெருங்கிய பயிரிடையே உழவாரம் முதலிய சிறு கருவிகளே உதவும். அப்பர் சுவாமிகள் கையிலே நாம் காணும் படை இதுவேயன்றோ! புதிதாக வாங்கும்போது அலகை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் நன்று. ஒலி அடைத்திருப்பின் வெடிப்பு இருக்கலாம். பிடி கணுவின்றி, நேரிய இழையுள்ள மரத்தால் ஆனதாய், துளையினுள் அசையாது இறுகியிருத்தல் அவசியம்.

பிடியின் நீளத்தை நம்மவர் பெரிதாய் எண்ணுவதில்லை. அது எத்துணைப் பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சான்று. அங்கே இலைக்கோசு முதலிய பயிர்களில் களையெடுத்த கூலியாட்கள், ஓரடி இரண்டடிப் பிடியுடைய களைக்கொட்டினால் நாள்முழுதும் குனிந்தே வேலை செய்யவேண்டியிருந்தது. 'குட்டையன்' என்னும் பொருள்பட ஸ்பானிய மொழியில் அதனை 'எல் கொர்ட்டீட்டோ' என்றனர். பலருடைய முதுகெலும்பு நிரந்தரமாகப் பழுதுற்றது. வழக்காடியபின், 1975இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் அக்கருவி வழக்கொழிந்தது. நீண்ட பிடியினாற் பயிர் குன்றவில்லை, தொழிலாளர் நிமிர்ந்தனர். ஆகவே, களை கட்டுபவர் உயரத்திற்கு ஏற்பப் பிடியைப் போடுங்கள்.

இனித் தீட்டும் முறை. அலகை அசையாதவாறு இறுக்கிக்கொண்டு, தட்டை அரத்தினால் ஒரே திசையில், விளிம்பை நோக்கித் தள்ளுக. அரம் முன்செல்லும்போதே அறுக்கும்; பின்வாங்கும்போது தூக்கிவிடுக. கொல்லர் வைத்த சாய்வு எப்பக்கத்திலுள்ளதோ அப்பக்கத்தையே, அதே சாய்வில் அராவுக. மறுபக்கத்திலே மெல்லிய பிசிறு எழுந்தால் விளிம்பு வரையும் அராவியாயிற்று எனக் கொள்ளலாம். அப்பிசிறை ஒருமுறை மெல்லத் தடவி நீக்குக. கத்தியைப்போல் மிக மெல்லியதாய்த் தீட்டின், கல்லிற் பட்டவுடன் வாய் சிதறும். மின்சாரச் சாணையில் பிடிப்போர் அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். எஃகு நீலம் பாரித்தால் தோய்ச்சல் போய்விடும். பின்னர்க் கம்மாலைக்குக் கொண்டுபோவதே வழி.

கூரிய கருவிக்கும் முறையுண்டு. மேல்மண்ணில் அரை அங்குல ஆழமே போதும். ஆழ வெட்டினால் பயிரின் வேரும் அறும். களை முளைவிட்ட பருவத்திலே, ஈரம் சற்றே உலர்ந்த காலையிற் செருக்கினால், மிகுதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். சாரணையைப் பூக்குமுன் வெட்டுக. அறுகின் துண்டுகள் கணுக்களிலிருந்து மீண்டும் வேர்விடுமாதலின், வாரி வெளியே உலர்த்துக. கோரைக்கு மண்ணினுள் கிழங்குண்டு. ஒரு வெட்டுக்கு அது சாகாது. இலை தலைகாட்டுந்தோறும் அறுத்துவரின் கிழங்கு தன் சேமிப்பை இழந்து நலியும்.

வேலை முடிந்ததும் மண்ணை நீக்கி, அலகைத் துடைத்து, சிறிது எண்ணெய் பூசி நிழலில் வையுங்கள். மண்வெட்டிக்கு அருகிலே ஓர் அரமும் தொங்கட்டும். காலையில் அதற்குச் செலவிடும் ஐந்து நிமிடத்தை, மாலையில் முதுகு நன்றியோடு நினைக்கும்.