கிரவல் வீதிக்கு ஒரு சைக்கிள்

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி அது. "இத்தனை வருடமாகக் கிரவல் வீதியாகவே கிடக்கிறது, எப்போது கார்பட் போடுவார்கள்?" என்று ஊர் மக்கள் கேட்பார்கள். பக்கத்தில் குழியும் செஞ்சேறுமாக ஒரு படம் இருக்கும். இந்தக் கிரவலில் ஓடுவதற்கென்றே வெளிநாட்டில் தனிச் சைக்கிள் செய்து, மோட்டார் சைக்கிள் விலைக்கு விற்கிறார்கள் என்று தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அப்ப நம்ம ரோட்டையும் சேத்து வித்துரலாமே" என்றார்.

அந்தச் சைக்கிளின் பெயரும் கிரவல் பைக்தான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பண்ணைப் பாதைகளில் 2006இல் 34 பேர் 200 மைல் போட்டி ஓடினார்கள். 2022இல் இத்தாலியில் உலகச் சம்பியன் போட்டியே நடந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் கீழே வளைந்த ஹேண்டிலுடன் சாதாரணப் பந்தயச் சைக்கிள் போலத்தான் தெரியும். கிட்டே போனால் முதலில் கண்ணில் படுவது டயர். பந்தயச் சைக்கிளின் டயர் 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இதற்கு 40, 45 என்று போகும்.

காற்று குறைந்தால் மிதிக்கக் கனக்கும் என்பது சின்ன வயதிலேயே நமக்குத் தெரிந்த பாடம். வழவழப்பான தார் ரோட்டுக்கு அது சரி. கிரவலில் கதை வேறு. கல்போல இறுகிய டயர் ஒரு கல்லில் ஏறினால் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அப்படித் தூக்குவதற்கான சக்தி நீங்கள் முன்னே போக மிதித்ததிலிருந்துதான் போகிறது. ஓரளவு இளகிய டயர் கல்லைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு நேரே போய்விடும். பிடிப்புக்கும் கணக்கு இருக்கிறது. பின் சக்கரத்தில் 50 கிலோ பாரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். காற்றழுத்தம் 100 பீஎஸ்ஐ என்றால் டயர் நிலத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய 7 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் முத்திரை அளவு. 40க்கு இறக்கினால் 18 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி அளவு. ஈரக் கல்லில் தபால் முத்திரையை நம்பி இறங்குவதா, தீப்பெட்டியை நம்பி இறங்குவதா என்பதுதான் விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. தாத்தாமார் ஓட்டிய 28 அங்குல ரலி, ஹம்பர் சைக்கிள்களின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் பலதும் நம் வீட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றதுதான்.

ஆனால் தாத்தாவின் சைக்கிளில் இல்லாதவையும் உண்டு. காற்றைக் குறைத்து ஓட்டினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். ஆகவே டியூப்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, டயருக்குள் இறப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றிவிடுகிறார்கள். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து பாலும் ஓட்டைக்கு ஓடிவந்து அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சிரட்டையில் பால் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், 40 பல் இருக்கும். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு 44 பல். அந்தக் கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். மெதுவாகத்தான் போகும், ஆனால் ஹந்தானை ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டி வராது. பிரேக் ரிம்மைப் பிடிப்பதில்லை, அச்சின் அருகே தனித் தட்டைப் பிடிக்கிறது. மலைநாட்டு மழையில் இதன் அருமை தெரியும். ரிம் பிரேக் என்றால் கிரவல் சேறு அரம்போல ரிம்மை அராவித் தின்றுவிடும்.

இந்தச் சைக்கிளுக்குக் கண்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம் என்பேன். இன்றைய பாதைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. கண்டி இராச்சியம் கெட்ட பாதையை ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தது. அகலமான ரோடு போட்டால் அதில் பீரங்கியும் வரும் என்று அரசர்களுக்குத் தெரியும். ஒற்றையடிப் பாதைகள், அவற்றின் குறுக்கே முள்வாசல்கள், இவையே அரண். இங்கே ஏறத்தாழ 20 வருடம் சிறைப்பட்டுக் கிடந்து 1679இல் தப்பியோடிய ரொபர்ட் நொக்ஸ் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நாள் ஓட்டத்துக்கு நான் சொல்லும் வழி தெவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள போர்க் கல்லறையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 200 பேர் அங்கே கிடக்கிறார்கள். பிரித்தானியர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல், ஒரே மாதிரி வெட்டிவிட்ட புல். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

போர் நடக்காத கண்டியில் இந்தக் கல்லறை ஏன் என்று கேட்டால், பதிலில் சைக்கிளுக்கும் பங்கு இருக்கிறது. 1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். பிரித்தானியர் போட்ட நல்ல தார் ரோட்டில் விரைந்தார்கள். ரோட்டில் தடை வந்தால் இறப்பர்த் தோட்டங்களின் குறுக்குப் பாதையில் புகுந்து பின்பக்கம் வந்து நின்றார்கள். பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்த இரும்புச் சத்தத்தைத் தாங்கிப்படை என்று எண்ணி எதிர்த்தரப்பு மிரண்டதாகச் சொல்வார்கள். 70 நாள்கூட ஆகவில்லை, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது.

இழந்ததை மீட்க அமைத்த தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை அதன் தளபதி மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். பனைவரிசைக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே பர்மாப் போரின் திட்டங்கள் தயாராயின. போர் முடிந்து 1945 நவம்பரில் தலைமையகம் சிங்கப்பூருக்கே போய்ச் சேர்ந்தது. போர்க் காலத்தில் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் அனுப்பிய பெரிய இடம் இலங்கைதான், மலாயா கைவிட்டுப் போயிருந்ததே. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுத்தார்கள். அந்த மரங்களின் மூதாதையர், 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த 1,919 கன்றுகள். அவற்றில் பெரும்பாலானவை ஹெனரத்கொடையில் நடப்பட்டன, பேராதனைப் பூங்காவின் பொறுப்பில். உங்கள் டயருக்குள் குலுங்கும் பாலுக்கு இது பூர்வீகம்.

பேராதனைப் பூங்காதான் நம் அடுத்த நிறுத்தம். அதை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரை கன்னொறுவை. 1638 மார்ச் 28இல் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை ஏறக்குறைய முழுதாக அழித்த இடம். தளபதி தியோகோ டி மேலோவும் அங்கேயே மாண்டார். காலையில் நீங்கள் புறப்பட்ட தெருவுக்கு இந்த அரசனின் பெயர்தான்.

அங்கிருந்து கடுகண்ணாவை வரை பிரதான வீதி. பஸ்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போங்கள், ரசிக்க ஒன்றும் இல்லை. கடுகண்ணாவையில் டோசன் கோபுரம் நிற்கிறது, கொழும்பு–கண்டி ரோட்டை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பியது. பக்கத்தில் பாறையைக் குடைந்த பழைய வழி. 1817–18இல் மலைநாட்டில் எழுந்த கிளர்ச்சி பிரித்தானியருக்குக் கற்பித்த பாடம், ரோடு இல்லாமல் இந்த மலையை ஆள முடியாது என்பது. என் கண்ணுக்கு இது கண்டியின் கடைசித் தோல்விக்கான நினைவுச் சின்னம். ஆனால் பலகையில் அப்படி எழுதமாட்டார்கள்.

இனி ஒடுங்கிய கிளைப் பாதையில் பலனைக்குத் திரும்புங்கள். 'பலன்ன' என்றால் சிங்களத்தில் பார் என்று அர்த்தம். அங்கிருந்த கோட்டை கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் படையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இங்கேதான் சைக்கிள் தன் விலைக்கு வேலை செய்யும்.

தோட்டத்துப் பாதைகளில் போவதானால் முன்கூட்டி அனுமதி கேளுங்கள். கல் அடுக்கி அவற்றைப் போட்டவர்கள் நம் பாட்டன்மார். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மணியடித்துக்கொண்டு பாயாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, மற்ற மாதங்களில் அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். பலனைக்குத் திரும்புமுன் காற்றை 40க்கு இறக்கிவிடுங்கள். கையில் ஒரு பம்ப் இருந்தால் திரும்பும்போது கடுகண்ணாவையில் அடித்துக்கொள்ளலாம்.