இருளைத் தேடி இமயம் ஏறிய தொலைநோக்கிகள்: விண்மீன் ஒளி சேகரிக்கப்படுவது எப்படி?

லடாக்கின் ஹன்லே பகுதியில் இரவில் விளக்கு எரிய விடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சன்னல்களுக்குத் தடித்த திரை வேண்டும். வெளிப்புற விளக்குகளின் ஒளி தரையை நோக்கி மட்டுமே விழ வேண்டும். வாகன ஓட்டிகள் முகப்பு விளக்கை உயர் ஒளியில் வைக்கக் கூடாது. கடந்த 2022 டிசம்பரில் இங்கு சுமார் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாட்டின் முதல் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் காப்பகம் கண்ட நாட்டில், இருட்டுக்கென ஒரு காப்பகம் அமைந்தது அப்போதுதான்.

காக்கப்படுவது அங்குள்ள மலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியின் பார்வை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய இக்கருவியை, பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இயக்கி வருகிறது. தொலைவில் உள்ள ஒரு கிராமத்தின் சன்னல் வெளிச்சம் இவ்வளவு பெரிய கருவியை எப்படிப் பாதிக்கும் என்ற கேள்வி எழலாம். தொலைநோக்கி உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

பெரிதாக்குவது இரண்டாம் வேலை

தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டுவதே தொலைநோக்கியின் பணி என்பது பரவலான எண்ணம். கடைகளில் விற்கப்படும் சிறு தொலைநோக்கிகளின் அட்டைப் பெட்டிகளிலும் 'இத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்' என்றே அச்சிடப்பட்டிருக்கும். வானியலாளர்கள் அந்த எண்ணைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மங்கலான ஒரு பிம்பத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும், கிடைப்பது பெரிய மங்கலான பிம்பம் மட்டுமே.

தொலைநோக்கியின் முதன்மைப் பணி ஒளியைச் சேகரிப்பது. மழை நீரைப் பிடிக்க வாய் அகன்ற அண்டாவை முற்றத்தில் வைப்பதைப் போன்றது இது. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீர் சேரும். இருட்டில் மனிதக் கண்ணின் பாவை சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஹன்லே தொலைநோக்கியின் கண்ணாடி 2 மீட்டர் விட்டம் கொண்டது. பரப்பளவைக் கணக்கிட்டால், ஒரு கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் போல் சுமார் 80,000 மடங்கு ஒளி அதில் விழுகிறது. மேலும், கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மட்டுமே ஒரு காட்சியாக உணர்கிறது. தொலைநோக்கியுடன் இணைந்த கேமராவோ ஒரே இலக்கை மணிக்கணக்கில் நோக்கி, வந்து சேரும் ஒளித்துகள்கள் அனைத்தையும் கூட்டி வைக்கிறது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வது போலத் தோன்றும். அதற்கு ஈடாகக் கருவியும் துளியும் பிசகாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்குதான் சன்னல் வெளிச்சம் சிக்கலாகிறது. தெருவிளக்கின் ஒளி காற்றில் உள்ள தூசியிலும் ஈரப்பதத்திலும் பட்டுச் சிதறி, வானத்தையே மெல்லிதாக வெளிறச் செய்கிறது. பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளியோடு அந்த வெளிச்சமும் கூட்டப்பட்டுவிடுகிறது. சில வேளைகளில் விண்மீன் கூட்டத்தின் ஒளியை விடவும் அது அதிகமாகிவிடும்.

கலிலியோ 1609-ஆம் ஆண்டு வானை நோக்கித் திருப்பிய கருவியில் இருந்தவை வில்லைகள். வில்லை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துவிடும். விளிம்பில் மட்டுமே தாங்கிப் பிடிக்க முடியும் என்பதால் அளவு கூடக்கூடத் தன் எடையாலேயே தொய்யும். அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 1897-இல் நிறுவப்பட்ட சுமார் 1 மீட்டர் வில்லையோடு அந்த வழி ஏறத்தாழ முடிந்துபோனது. நியூட்டன் 1668-இல் செய்து காட்டிய, குழியாடியால் ஒளியைக் குவிக்கும் முறையே இன்றைய பெரிய தொலைநோக்கிகள் அனைத்துக்கும் அடிப்படை. கண்ணாடியைப் பின்புறம் முழுவதும் தாங்கலாம் என்பது அதன் பெரும் வசதி.

உத்தராகண்ட் மாநிலம் நைனிடால் அருகே உள்ள தேவஸ்தலில் 2016 முதல் இயங்கும் 3.6 மீட்டர் தொலைநோக்கி, நாட்டின் மிகப்பெரிய ஒளியியல் தொலைநோக்கிகளுள் ஒன்று. அதன் கண்ணாடிக்குப் பின்னால் 69 தாங்கு கருவிகள் உள்ளன. தொலைநோக்கி சாயும்போது கண்ணாடியில் ஏற்படும் நுண்ணிய வளைவை அவை உடனுக்குடன் திருத்துகின்றன. ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்வது, கண்ணாடியின் மேல் படிய வைத்த அலுமினியப் படலம். அதன் தடிமன் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

அதே வளாகத்தில் இன்னொரு விந்தையும் இருக்கிறது. அங்குள்ள 4 மீட்டர் சர்வதேசத் தொலைநோக்கியில் கண்ணாடியே இல்லை. அகன்ற கிண்ணம் ஒன்றில் பாதரசம் ஊற்றப்பட்டு, 8 நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சீராகச் சுழற்றப்படுகிறது. தேநீரைக் கரண்டியால் சுழற்றும்போது நடுவே குழி விழுந்து ஓரம் உயர்வதைப் போல, பாதரசமும் தானாகவே துல்லியமான பரவளைய வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடியைப் பல மாதங்கள் தேய்த்துப் பெற வேண்டிய வடிவத்தைப் புவியீர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து இலவசமாகத் தருகின்றன. சாய்த்தால் பாதரசம் கொட்டிவிடும் என்பதால் இக்கருவி நேர் உச்சியை மட்டுமே பார்க்கும். அதுவே ஒரு வகையில் ஆதாயமாகவும் அமைந்தது. தலைக்கு மேல் கடந்து செல்லும் வானின் ஒரே பட்டையை ஒவ்வோர் இரவும் படம் பிடித்து, நேற்று இல்லாமல் இன்று தோன்றிய ஒளிப்புள்ளியை எளிதில் கண்டுபிடிக்க முடிகிறது.

சென்னையிலிருந்து ஹன்லே வரை

விண்மீன்கள் மினுமினுப்பது கவிஞர்களுக்கு அழகு, வானியலாளர்களுக்குத் தொல்லை. வெப்பமும் குளிருமான காற்று அடுக்குகள் ஓயாமல் கலைவதால், அவற்றின் வழியே வரும் ஒளி அலைக்கழிகிறது. கோண அளவையில் ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. இரண்டு மீட்டர் கண்ணாடியால் கோட்பாட்டளவில் ஒரு விகலையில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய இடைவெளியையும் பிரித்தறிய முடியும். ஆனால் காற்றின் கலக்கம் அதைச் சுமார் ஒரு விகலை அளவுக்குக் கலங்கலாக்கிவிடுகிறது. ஈரப்பதமோ அகச்சிவப்புக் கதிர்களை வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே காற்று மெலிந்த, வறண்ட உயரங்களை நோக்கித் தொலைநோக்கிகள் நகர்ந்தாக வேண்டியிருந்தது.

இந்திய வானியலின் இருநூறு ஆண்டு வரலாற்றை இந்த இடப்பெயர்ச்சியாகவே வாசிக்கலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்திய கம்பெனி ஆய்வகக் கட்டடம் எழுப்பியது. அங்கிருந்துதான் 1861-இல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு 'ஆசியா' எனப் பெயரிட்டார். தெளிந்த வானில் சூரியனை ஆராய 1899-இல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. விண்மீன் ஆய்வுக்காக 1960-களில் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம், ஜவ்வாது மலையின் காவலூர். அவர் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கு செயல்படுகிறது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் காவலூரின் இரவுகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இமயத்தின் மழை மறைவில் அமைந்த ஹன்லேயிலோ ஆண்டுக்குச் சுமார் 250 இரவுகள் ஆய்வுக்கு உகந்தவை.

ஹன்லேயில் தொலைநோக்கியின் குழாயில் கண்ணை வைத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தபடி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அதை இயக்குகின்றனர். ஆய்வாளர்கள் தங்களுக்கு எத்தனை இரவுகள், எதற்காகத் தேவை என்று முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கேட்கப்படும் இரவுகள் எப்போதும் இருக்கும் இரவுகளை விட அதிகம் என்பதால், மேகம் மூடிய ஓர் இரவு ஒருவரது பல மாதக் காத்திருப்பை வீணாக்கிவிடக்கூடும்.

சேர்ந்த ஒளியைப் படமாக்குவது பணியின் ஒரு பாதி மட்டுமே. அதை நிறமாலையாகப் பிரிக்கும்போதுதான் வானியல் இயற்பியலாக மாறுகிறது. ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கே உரிய கோடுகளை விட்டுச் செல்லும். கோடுகளின் இடம் விலகியிருந்தால், அப்பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதும் தெரிந்துவிடும். இதற்கு இந்திய மண்ணிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தை, ஆந்திராவின் குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜூல்ஸ் ஜான்சன் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். அந்தக் கிரகணத்தின்போது வேறு இடங்களில் இருந்து நோக்கியவர்களும் ஒரு மஞ்சள் கோட்டைப் பதிவு செய்தனர். அது சோடியத்துக்கு உரியதல்ல என்பது இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் அதே ஆண்டில் செய்த ஆய்வில் தெளிவானது. அதற்குரிய ஹீலியம் 1895-இல்தான் பூமியில் கண்டெடுக்கப்பட்டது.

கண்ணை விட மங்கலான 45 மீட்டர் தட்டு

ஒளி மட்டுமே வானிலிருந்து வரும் தூது அன்று. புனேவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே வயல்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் 30 பிரம்மாண்டத் தட்டுகள், விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கின்றன. ஜிஎம்ஆர்டி எனப்படும் இந்தத் தொலைநோக்கியை வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். அதற்கு முன்பே உதகையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவில் படுக்க வைத்தாற்போல அமைத்துக் காட்டியவரும் அவரே. அந்தச் சரிவு சுமார் 11 பாகை. உதகையின் அட்சரேகையும் அதுவே. இதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஓர் இலக்கை மணிக்கணக்கில் பின்தொடர முடியும்.

ரேடியோ அலைகளின் நீளம் ஒளி அலையைப் போல் பல லட்சம் மடங்கு. அதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. அலை நீளமானது என்பதால் தட்டுக்கு வழவழப்பான கண்ணாடி தேவையில்லை. கம்பி வலையே போதும். காற்று வலைக்கு ஊடே புகுந்து செல்வதால் தாங்கும் சட்டகத்தையும் எடை குறைவாக, மலிவாகக் கட்ட முடிந்தது. தீமை, கூர்மைக் குறைவு. பிரித்தறியும் திறன் அலைநீளத்துக்கும் தட்டின் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. 21 சென்டிமீட்டர் அலையில் 45 மீட்டர் தட்டு ஒன்று தனித்துப் பார்த்தால், அதன் கூர்மை சுமார் 20 கலை மட்டுமே. முழு நிலவின் அகலமே 30 கலைதான். ஒரு கலை வரை பிரித்தறியும் வெறும் கண்ணை விட அந்தப் பெரிய தட்டு மோசமாகப் பார்க்கிறது.

தீர்வு, தட்டுகளைப் பரப்பி வைப்பது. முப்பதில் 14 தட்டுகள் மையத்தில் நெருக்கமாகவும், மற்ற 16 மூன்று கிளைகளாகப் பிரிந்தும் நிற்கின்றன. அதிகபட்ச இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர். ஒரே அலை வெவ்வேறு தட்டுகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணினி ஒப்பிட்டு, 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே தட்டுக்கு இணையான கூர்மையைப் பெறுகிறது. அப்போது 20 கலை, சுமார் இரண்டு விகலையாகச் சுருங்குகிறது.

ஹைட்ரஜன் அணு இயல்பாக வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலை, விண்மீன்கள் உருவாகும் மூலப்பொருள் எங்கெங்கு எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும். மிகத் தொலைவிலிருந்து வரும்போது அது கேட்க முடியாத அளவு மெலிந்துவிடும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் கூட்டங்களின் சமிக்ஞைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவற்றில் இருந்த ஹைட்ரஜனின் அளவை புனே ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டனர். அன்றைய வேகத்தில் விண்மீன்கள் பிறந்துகொண்டே இருந்தால், அந்த வாயு இருநூறு கோடி ஆண்டுகள் கூடத் தாங்காது என்பது அதிலிருந்து தெரிந்தது. பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்பு பின்னாளில் ஏன் மந்தமானது என்ற நெடுநாள் கேள்விக்கு அது முக்கியமான விடை.

இவ்வளவு மெல்லிய சமிக்ஞைக்குப் பகை, அருகில் உள்ள இரைச்சல். நிலவின் மேல் ஒரு செல்போனை வைத்துப் பேசினால், ரேடியோ வானில் மிகப் பிரகாசமான பொருள்களுள் ஒன்றாக அது தோன்றும். அப்படியிருக்க, பக்கத்து ஊரின் கோபுரமும், பழுதான மின்கம்பியில் தெறிக்கும் பொறியும் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். புனே - நாசிக் அதிவேக ரயில் பாதைத் திட்டம் இந்த வளாகத்தை ஒட்டி அமைவது குறித்துக் கவலை எழுந்ததும் இதனால்தான். ரயில் வேண்டும் என்ற நாராயண்காவ் பகுதி மக்களின் கோரிக்கையும் நியாயமானதே. ஹன்லேயில் சன்னல் திரையோடு முடிந்த சமரசம் இங்கு அவ்வளவு எளிதாக இல்லை.

எக்ஸ் கதிர்களையும் பெரும்பாலான புற ஊதாக் கதிர்களையும் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றுக்கு விண்வெளிக்கே செல்ல வேண்டும். இஸ்ரோ 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய அஸ்ட்ரோசாட் அந்தப் பணியைச் செய்கிறது. பலவகைத் தொலைநோக்கிகளும் ஒன்று சேரும்போது கிடைக்கும் பலனுக்கு 2023 மே மாதம் நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாளர் கோய்ச்சி இதாகாகி, சுமார் 2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் வெடித்ததை மே 19 அன்று கண்டார். ஹன்லே தொலைநோக்கியும் அஸ்ட்ரோசாட்டும் விரைவில் அதை நோக்கித் திருப்பப்பட்டன. வெடிப்பதற்கு முன் அந்த விண்மீன் தன்னைச் சுற்றி உதிர்த்திருந்த அடர்ந்த வாயுவின் கோடுகள் நிறமாலையில் தென்பட்டு, ஒரு வாரம் அளவில் மறைந்தன. சற்றுத் தாமதித்திருந்தால் அந்தத் தடயம் கிடைத்திருக்காது.

ஊர் விளக்குகளுக்குத் திரை போடலாம். தலைக்கு மேல் செல்லும் செயற்கைக்கோள்களுக்குப் போட முடியாது. இணைய சேவைக்காக ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டவை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் ஒளியைப் பிரதிபலித்துப் படங்களில் வெண்கோடுகளை இழுத்துச் செல்கின்றன. அவற்றின் மின்னணுக் கருவிகளிலிருந்து கசியும் ரேடியோ அலைகளும் பதிவாகின்றன. இதற்கிடையே, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மனித நடமாட்டம் குறைந்த வறண்ட நிலங்களில் 'ஸ்கொயர் கிலோமீட்டர் அரே' என்ற சர்வதேச ரேடியோ தொலைநோக்கி உருவாகி வருகிறது. இதில் இந்தியா பங்கேற்க மத்திய அரசு ரூ.1,250 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்துள்ளது. அதன் ஆண்டெனாக்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை உருவாக்குவதில், ஜிஎம்ஆர்டியை இயக்கும் புனே தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் முக்கியப் பங்கு வகிக்கிறது.