அடுப்பிலிருந்து தொடங்குங்கள்: சி.என்.சி. மென்பொருள் எப்படி இயங்குகிறது?

புதிதாக ஒரு சி.என்.சி. ரவுட்டரை இறக்கி வைத்த பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் போட்டால் நல்லது?" என்பதுதான். கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. அங்கே நடப்பது மூன்று வேலை. பெரும்பாலும் அதற்கு மூன்று மென்பொருள். எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எது இலவசமாகவே போதும் என்பது மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் வந்து முந்நூறு இலைக்கு அவியல், பொரியல், மைசூர்பாகு என்கிறார்கள். என்ன வேண்டும் என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. எந்த அண்டா, எந்தக் கரண்டி, எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, தீ எவ்வளவு என்பதெல்லாம் தலைமைச் சமையல்காரரின் கணக்கு. அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்து, அடுப்படியில் நிற்கும் ஆள் வரி பிசகாமல் செய்கிறார்.

பெண் வீட்டார் சொன்னது கேட், அதாவது வரைபடம். சமையல்காரரின் கணக்கு கேம். சீட்டு ஜி-கோடு. அடுப்படி ஆள் கன்ட்ரோலர். மோட்டாரும் ஸ்பிண்டிலும் அடுப்பும் கரண்டியும்.

வரைவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூஜை அறைக் கதவுக்கு ஜாலி, கடைக்குப் பெயர்ப் பலகை, அலமாரிக் கதவு இவற்றுக்கெல்லாம் தட்டையான கோடுகள் போதும். இங்க்ஸ்கேப், லிப்ரேகேட் இரண்டும் இலவசம், வணிகத்துக்கும் தடையில்லை. முப்பரிமாணத்தில் பாகம் வரைய ஃப்ரீகேட் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு மேல் உருவாகிவந்து, 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பைத் தொட்டது. பழக ஒரு மாதம் படுத்தும், அதன் பிறகு ஒத்துழைக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கண் வையுங்கள். குழி எடுக்க வேண்டிய வடிவத்தின் கோடு முழுதாக மூடியிருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கேம் அதை வடிவமாகவே மதிக்காது. இன்னொன்று அளவு. அங்குலத்தில் சேமித்த படத்தை மில்லிமீட்டர் என்று திறந்தால், 100 மி.மீ. சட்டம் 4 மி.மீ. கூட இல்லாமல் சுருங்கி நிற்கும்.

காசு பார்ப்பதும் காசு விடுவதும் கேமில்தான். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு ஜாலி வெட்ட வேண்டும் என்று வையுங்கள். கையில் 6 மி.மீ. பிட். ஒரே மூச்சில் 18 மி.மீ. இறக்கினால் பிட் போய்விடும். மூன்று சுற்றாக, சுற்றுக்கு 6 மி.மீ. இறக்கலாம். உள்ளே இருக்கும் ஓட்டைகளை முதலில் வெட்ட வேண்டும், வெளிக்கோட்டைக் கடைசியில். முதலிலேயே வெளிக்கோட்டை வெட்டிவிட்டால் துண்டு ஆட ஆரம்பிக்கும், அப்புறம் ஓட்டை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கடைசிச் சுற்றிலும் துண்டு துள்ளாமல் இருக்க நாலைந்து இடத்தில் சின்னப் பாலம் விட வேண்டும். பிட்டின் பாதி விட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளுவதா, உள்ளே தள்ளுவதா என்பதும் இங்கேதான் தீர்மானம். கேட் படத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது.

அடுத்தது தீயளவு. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டு முனை, ஒவ்வொரு முனையும் சுற்றுக்கு 0.1 மி.மீ. சீவ வேண்டும் என்றால், மூன்றையும் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 3,600 மி.மீ. அதுதான் ஃபீட். பயந்துகொண்டு இதை 800-க்குக் குறைப்பவர்கள் உண்டு. மெதுவாக ஓட்டினால் பிட்டுக்கு நல்லது என்ற நினைப்பு. உண்மையில் பிட் சீவாமல் தேய்க்கிறது; சீவல் விழ வேண்டிய இடத்தில் மாவு விழுகிறது, சூடு ஏறுகிறது, எம்.டி.எஃப். விளிம்பு கருகுகிறது. சிறுதீயிலேயே வைத்து அடிப்பிடிக்க விட்ட கதைதான்.

செதுக்கல் வேலையில் கேமின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். 600-க்கு 300 மி.மீ. கதவுப் பலகையில் ஒரு கஜலட்சுமி. கடைசி நுண்வேலைக்கு 3 மி.மீ. உருண்டை முனை பிட், கோட்டுக்குக் கோடு 0.3 மி.மீ. இடைவெளி. அப்படியென்றால் ஆயிரம் கோடு, ஒவ்வொன்றும் 600 மி.மீ., மொத்தம் 600 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் 200 நிமிடம். இடைவெளியை 0.5 ஆக்கினால் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். தேக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு அந்த வித்தியாசம் கண்ணுக்குப் படுமா என்று முன்கூட்டியே திரையில் பார்த்து முடிவெடுக்க வைக்கும் கேம், விலைக்குத் தகுந்த வேலை செய்கிறது.

நம்மூர் செதுக்கல் பட்டறைகளில் ஆர்ட்கேம் என்ற பெயர் இன்னமும் புழங்குகிறது. ஆட்டோடெஸ்க் 2018-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அதன் வழித்தோன்றல் இப்போது கார்வ்கோ என்ற பெயரில் வருகிறது. ஆகவே புது ஆர்ட்கேம் என்று யாராவது பென்டிரைவில் கொண்டுவந்தால் அது திருட்டு நகல்தான். அதே நிறுவனத்தின் கேட்-கேம் மென்பொருளான ஃப்யூஷனின் இலவச உரிமத்தையும் நம்பித் தொழில் தொடங்காதீர்கள். அது வணிகம் சாராத பயன்பாட்டுக்கு, அதுவும் ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் இருப்பவர்களுக்கு. 2020-க்குப் பிறகு அதில் வேக நகர்வும் கிடையாது. வெட்டாமல் இடம் மாறும்போதும் பிட் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும்.

என் தீர்ப்பு வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ் பக்கம். ஒருமுறை விலை, மாதச் சந்தா இல்லை. டெஸ்க்டாப் பதிப்பு சுமார் இரண்டடிச் சதுர வேலைக்குள் நிற்கும். எட்டுக்கு நாலு பலகை ஓட்டுபவருக்கு புரோ பதிப்பு வேண்டும், விலை சுமார் 700 டாலர். ஆஸ்பயர் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சிலை வடிவத்தை நீங்களே உருவாக்கினால்தான் ஆஸ்பயர் தேவை. விலைக்குக் கிடைக்கும் மாதிரிகளை வாங்கி வெட்டுபவருக்கு புரோ போதும். அந்தக் கைக்காசும் இல்லாதவர் ஃப்ரீகேட்டுக்குள்ளேயே இருக்கும் கேம் பகுதியில் தட்டையான வேலைகளைத் தாராளமாக ஓட்டலாம்.

இனி சீட்டு. திறந்து பார்த்தால் இப்படி இருக்கும். ஜி21 என்றால் அளவு மில்லிமீட்டர். எம்3 எஸ்18000 என்றால் ஸ்பிண்டிலை 18,000 சுற்றில் ஓட்டு. ஜி0 இசட்5 என்றால் விரைந்து 5 மி.மீ. உயரத்துக்குப் போ. ஜி1 எக்ஸ்100 எஃப்3600 என்றால் வெட்டிக்கொண்டே 100-க்குப் போ. இந்த மொழிக்கு அமெரிக்காவில் 1980-லேயே ஆர்.எஸ்.274-டி என்று ஒரு தரம் வகுத்தார்கள். என்ன செய்ய, ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் வட்டார வழக்கில்தான் பேசுகிறது. பிட்டை மாற்று என்னும் எம்6 கட்டளை ஜி.ஆர்.பி.எல். கன்ட்ரோலருக்குத் தெரியாது, பிழை 20 என்று சொல்லி நின்றுவிடும். விறகடுப்புக்காரருக்கு ஒரு மாதிரி, கேஸ் அடுப்புக்காரருக்கு ஒரு மாதிரி சீட்டு எழுதித் தரும் பகுதிக்குப் போஸ்ட் பிராசஸர் என்று பெயர். உங்கள் கன்ட்ரோலருக்கான போஸ்ட் இல்லாத கேம் எவ்வளவு மலிவானாலும் வாங்கிப் பயனில்லை.

கடைசியாக அடுப்படி ஆள். மைசூர்பாகு கிளறும்போது ஃபோன் வந்தால் எடுக்க முடியுமா? நெய் விட்டுக்கொண்டே கை ஓட வேண்டும். அரை நிமிடம் விட்டால் பதம் போச்சு. கன்ட்ரோலரின் வேலையும் அதுதான். ஸ்டெப்பர் மோட்டாருக்கு நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்பு, இடைவெளி பிசகாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் கணினிக்கு அந்தக் குணம் இல்லை. நடுவில் அப்டேட், வைரஸ் சோதனை என்று எழுந்து போய்விடும். 175 டாலர் விலையுள்ள மாக்3 என்ற கன்ட்ரோலர் மென்பொருள் பழைய பேரலல் போர்ட் வழியாகக் கணினியிலிருந்தே துடிப்பு அனுப்பியது. அதற்கு 32 பிட் விண்டோஸ் வேண்டும், பழைய கணினியைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸ்சி.என்.சி. இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் தொடங்கிய வேலை அது. நேரம் தவறாத லினக்ஸ் கருவில் ஓடுகிறது, இலவசம். பழைய எந்திரத்துக்கு உயிர் கொடுப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை, நிறுவும் பொறுமை இருந்தால்.

ஜி.ஆர்.பி.எல். 2009-இல் வந்தது. துடிப்புக் கணக்கு முழுவதையும் ஆர்டுயினோ உனோ என்ற சின்ன போர்டே பார்த்துக்கொள்ளும். கணினி சீட்டை வரிவரியாக ஊட்டினால் போதும். ஊட்ட யுனிவர்சல் ஜிகோட் சென்டர், கேண்டில் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சின்ன எந்திரத்துக்கு இது போதுமா என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். மோட்டார் சுற்றுக்கு 200 படி, டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1,600. பால் ஸ்க்ரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்ந்தால், மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 5,000 மி.மீ. ஓட நொடிக்கு சுமார் 26,700 துடிப்பு. உனோவின் எல்லை ஏறக்குறைய 30,000. ஆக 5,000 வரை சரி, 10,000 கேட்டால் முடியாது, அப்போது ஈ.எஸ்.பி.32 போர்டில் ஓடும் ஃப்ளூயிட்என்.சி.க்குப் போக வேண்டும், அதுவும் இலவசம்தான்.

எட்டுக்கு நாலு ரவுட்டர் வாங்கியவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ரிச்ஆட்டோ போன்ற கையடக்க கன்ட்ரோலர் எந்திரத்தோடேயே வந்துவிடும். பென்டிரைவில் கோப்பைச் செருகினால் ஓடும். பட்டறையில் மோட்டார் இரைச்சலால் யு.எஸ்.பி. இணைப்பு பாதியில் அறுந்து மரம் வீணாகும் தொல்லையும் அதில் இல்லை.

ஆகவே அடுப்பிலிருந்து தொடங்குங்கள். என்ன கன்ட்ரோலர் என்று முதலில் பாருங்கள், அதற்குப் போஸ்ட் தரும் கேமைத் தேடுங்கள், கடைசியில் வரையும் மென்பொருள். பணத்தைக் கேமில் போடுங்கள். போடும் முன் ஒரு வேலை: விகார்வின் சோதனைப் பதிப்பு சொந்தப் படத்துக்கு டூல்பாத்தை, அதாவது பிட் ஓடும் பாதையை, சேமிக்க விடாது, அதோடு வரும் மாதிரிக் கோப்பு ஒன்றை உங்கள் கன்ட்ரோலரின் போஸ்ட் போட்டு, வீணான எம்.டி.எஃப். துண்டில் ஓட்டிப் பாருங்கள். வெட்டி எடுத்ததை வெர்னியர் வைத்து அளந்து, திரையில் இருக்கும் அளவோடு ஒத்துப்போனால் மட்டும் பணம் கட்டுங்கள்.