சாட்சி சொல்ல முடியாதவர்கள்

முதியோர் துஷ்பிரயோகம் என்றதும் அடி உதையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். சில ஆண்டுகளாக முதியோர் இல்லங்களுக்குப் போய்வரும் எனக்கு அதிகம் தென்படுவது வேறு. கதிரையோடு சேர்த்துக் கட்டிய சேலைத்துண்டு, வைத்தியரைக் கேளாமல் கொடுக்கும் தூக்க மாத்திரை, கதவைத் திறந்துவைத்தபடி நடக்கும் குளிப்பாட்டல். செய்பவர்களில் பலர் இதைத் தவறென்றே எண்ணுவதில்லை.

டிமென்சியா எனப்படும் மறதி நோய் உள்ளவரிடம் இது இன்னும் எளிதாக நடந்துவிடுகிறது. "அவவுக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவில்லை, அவ சொல்லுறதை எடுக்கலாமே?" என்று ஓர் இல்லப் பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். அந்த அம்மாவின் இரு மணிக்கட்டுகளிலும் ஒரே அளவான தழும்பு! நடந்தது மறந்துபோனாலும் அது தந்த பயம் தங்கிவிடுகிறது. குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒடுங்குவதும் குளியலறை வாசலில் அலறுவதும்தான் அவர்களுடைய முறைப்பாடு.

பராமரிப்பு நிலையப் பணியாளர்களில் மூவரில் இருவர், முந்திய ஓராண்டில் ஏதோவொரு வகைத் துஷ்பிரயோகம் செய்ததாகத் தாமே ஒப்புக்கொண்டதை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டியிருக்கிறது. இத்தனை பேரும் கொடியவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. இரவில் ஒரு மண்டபம் முழுவதற்கும் ஒரே பெண், அவளுக்கும் பயிற்சி இல்லை, சம்பளமும் சொற்பம். அந்திப்பொழுதில் "வீட்டை போகோணும்" என்று எழும்பி நடப்பது நோயின் இயல்பு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கு அது பிடிவாதமாகவே படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், குளிப்பாட்ட வருபவர்களை நகத்தால் கீறுவார். இரண்டு பேர் கையைப் பிடிக்க மூன்றாமவர் தண்ணீர் ஊற்றுவார். மகளிடம் விசாரித்தபோதுதான், அவர் வாழ்நாள் முழுவதும் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்தவர் என்பது தெரிந்தது. உடுப்பைக் களைந்ததே அவரைக் கலங்க வைத்திருக்கிறது. குறுக்குக்கட்டுக் கட்டிவிட்டு, கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தார்கள். கீறல் பெரும்பாலும் நின்றுவிட்டது. இதற்குக் காசு எதுவும் செலவாகவில்லை.

ஆகவே அம்மாவைச் சேர்க்கும்போது மருந்துச்சீட்டோடு அவருடைய பழக்கவழக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஞாயிறு பகலில் மட்டும் போகாமல், சொல்லாமல் மாலையிலும் போய்ப் பாருங்கள். புதிய மாத்திரை கண்டால் எந்த வைத்தியர் எழுதியது என்று விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிடுங்கள். திகதியிட்ட பிரதியொன்று உங்கள் கையில் இருக்கட்டும்.