கோடியில் ஒரு ஃபோட்டான்

பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில், மண்ணுக்குள் கண்ணாடி இழைக் கேபிள்கள் புதைந்து கிடக்கின்றன. வங்கிப் பரிமாற்றம், மருத்துவமனைக் கோப்பு, தொழிற்சாலை வரைபடம் என்று எல்லாமே இத்தகைய இழைகளில் லேசர் துடிப்புகளாகத்தான் ஓடுகின்றன. வழியில் யாரும் படித்துவிடாதபடி அவற்றைக் கணிதத்தால் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். மிகப் பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கணினிக்குக் கடினம் என்பதே அந்தப் பூட்டுகளில் பலவற்றின் பலம். போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று உருவானால் அந்தக் கடினம் மறைந்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று ஒட்டுக்கேட்டுச் சேமித்து வைப்பதை நாளை திறந்து படிக்கலாம். ராணுவத் திட்டமோ நோயாளியின் மரபணு விவரமோ இருபது ஆண்டு கழித்தும் ரகசியம்தான்.

இதற்கு விடை தேடும் இந்திய முயற்சியின் மையம் சென்னையில் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ரூ. 6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் கீழ் நான்கு மையங்கள் 2024இல் அறிவிக்கப்பட்டன. கணினி பெங்களூருக்கும், உணர்கருவிகள் மும்பைக்கும், பொருள்களும் சாதனங்களும் டெல்லிக்கும் போயின. தகவல்தொடர்பு சென்னை ஐஐடிக்கும், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இரண்டும் இணைந்து நடத்தும் அமைப்பின் பெயர் ‘ஐஐடிஎம் சி-டாட் சம்ஞ்யா டெக்னாலஜிஸ் ஃபவுண்டேஷன்’. கல்லூரி ஆய்வகமும், தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்துப் பழகிய அமைப்பும் ஒரே கூரையின் கீழ் வந்ததுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் பார்க்க வேண்டும்.

ஒளியைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒற்றைத் துகளில் வந்து நிற்கும். அதுதான் ஃபோட்டான். அதன் நிலையை அறியாமல் அதைப் பிரதி எடுக்க முடியாது. அளந்து பார்த்தாலோ நிலையே மாறிவிடும். இந்த இரண்டையும் வைத்து சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் 1984இல் ஒரு முறையை வகுத்தார்கள். இரகசியச் செய்தியை அல்ல, அதைப் பூட்டும் சாவியை மட்டும் ஃபோட்டான்களில் ஏற்றி அனுப்புவது. நடுவில் யாராவது தொட்டால் மறுமுனையில் பிழை கூடும். பிழை அளவு மீறினால் அந்தச் சாவியை எறிந்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். செய்தி இன்னும் புறப்படவே இல்லை என்பதால் நட்டமில்லை.

காகிதத்தில் இது அழகு. இழைக்குள் போனால்தான் சிக்கல். இன்றுள்ள நல்ல இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் ஒளி இழப்பாகும். சென்னை ஐஐடியை ஒட்டியுள்ள தரமணியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அனுப்பிய ஃபோட்டான்களில் நான்கில் ஒன்று வந்து சேரும். அது போதும். நூறு கிலோமீட்டருக்கு நூற்றில் ஒன்று. பெங்களூருக்கு 350 கிலோமீட்டர் என்றால் ஒரு கோடியில் ஒன்றுதான் மிஞ்சும். சாதாரண இணையத்துக்கு இது பிரச்சினையே இல்லை. வழியில் பெருக்கி வைத்து ஒளியைக் கூட்டிவிடலாம். இங்கே அது முடியாது. பெருக்குவது என்றால் பிரதி எடுப்பது, பிரதி எடுப்பதைத்தான் இயற்கை தடுத்து வைத்திருக்கிறது. பாதுகாப்புத் தருகிற அதே விதியே தூரத்தையும் சுருக்குகிறது.

ஆகவே வழியில் சில ஊர்களில் நிலையங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் சாவியை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். சீனா 2017இல் பெய்ஜிங்–ஷாங்காய் இடையே திறந்த 2,000 கிலோமீட்டர் தடத்தில் இப்படி 32 நிலையங்கள் இருந்தன. நமது இயக்கத்தின் இலக்கும் 2,000 கிலோமீட்டர்தான். 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே, ஏற்கெனவே புதைத்திருந்த வணிக இழையிலேயே, நூறு கிலோமீட்டருக்கு மேல் சாவியை அனுப்பிக் காட்டின.

இன்னொரு தடை நம் மண்ணோடு தொடர்புடையது. தனி இழை ஒதுக்கச் செலவாகும் என்பதால், தகவல் ஓடும் இழையிலேயே ஃபோட்டானையும் அனுப்ப எல்லாரும் விரும்புவார்கள். ஆனால் ஒரு மில்லிவாட் லேசரில் நொடிக்கு எழுபது கோடி கோடிக்கும் மேற்பட்ட ஃபோட்டான்கள் இருக்கின்றன. கண்ணாடியில் பட்டு அவற்றில் மிகச் சிறு பங்கு நிறம் மாறிச் சிதறுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கொல்கத்தாவில் கண்ட அதே சிதறல்தான் இது. அந்தச் சிறு பங்கே ஒற்றை ஃபோட்டானை மூழ்கடிக்கப் போதும். ஃபோட்டானை வேறு அலைநீளத்துக்கு, 1310 நானோமீட்டருக்கு, மாற்றினால் இரைச்சல் வெகுவாகக் குறையும். பதிலுக்கு இழப்பு கூடும். எந்த இழையில் எது லாபம் என்பதை அந்தந்தத் தடத்தில் அளந்துதான் சொல்ல முடியும். ஆய்வகமும் தொலைத்தொடர்பு அமைப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தது முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

பூமிக்கடியில் போகும் கேபிளுக்கு வெயில் அவ்வளவாகத் தெரியாது. கம்பத்தில் தொங்கும் கேபிள் காற்றில் ஆடும்போது ஒளியின் அதிர்வுத் திசையே திரும்பிவிடும். அந்தத் திசையில் தகவலை வைத்தால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அடுத்தடுத்து வரும் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டில் தகவலை வைக்கும் முறையில் வேலை செய்திருப்பது இந்த இடத்தில் உதவுகிறது. ஐஐடி, தரமணியில் உள்ள தகவல் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான செட்ஸ், அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் மூன்றும் சேர்ந்து சென்னைக்குள் ‘மாகான்’ என்ற நகர குவாண்டம் வலையமைப்புத் திட்டத்தை மேற்கொண்டன. மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஆதரவில் ஐஐடியில் இயங்கும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் மையம், இந்த ஒளிக் கருவிகளைச் சிப்பில் அடக்கும் வேலையைச் செய்கிறது. சாவிக்கு வேண்டிய எண்களைத் தர அங்கே உருவான குவாண்டம் தற்செயல் எண் கருவியின் தொழில்நுட்பம் 2025இல் இந்திரார்கா குவாண்டம் டெக்னாலஜிஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2016இல் தொடங்கிய குவாண்டம் பாதுகாப்பு நிறுவனமான க்யூநு லேப்ஸ் வளர்ந்ததும் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில்தான்.

இது எல்லாருக்கும் தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினியைத் தாங்கக்கூடிய மூன்று புதிய கணிதப் பூட்டுகளை 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. மென்பொருளை மாற்றினால் போதும், இழையைத் தொடவே வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமான என்சிஎஸ்சி இரண்டும் அரசுத் தேவைக்கு ஃபோட்டான் முறையைப் பரிந்துரைக்கவில்லை. எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதை உறுதிசெய்ய இந்த முறைக்கும் தனி ஏற்பாடு வேண்டும்; இடைநிலையங்களுக்குள் யாரும் நுழையாமல் காவலும் வேண்டும். இந்த விமர்சனம் நியாயமானது. உங்கள் கைபேசிக்கும் என் வங்கிக் கணக்குக்கும் புதிய கணிதமே போதும். அம்பத்தூர் தரவு மையத்துக்கும் நகரத்துக்குள் இருக்கும் வங்கித் தலைமையகத்துக்கும் நடுவே, ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய தரவு ஓடும் குறுகிய தடங்களில்தான் ஃபோட்டான் முறை தன்னை நிரூபிக்க முடியும்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒற்றை ஃபோட்டானை உணரும் கருவிகளைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். அவற்றைக் குளிரில் வைத்திருக்கும் பெட்டி, நுண்ணளவில் நகராத உலோகத் தாங்கிகள், தூசு புகாத மின்னணு அடுக்குகள் எல்லாம் அம்பத்தூர், திருமழிசைப் பட்டறைகளின் கைத்திறனுக்கு எட்டாதவை அல்ல. இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் தொழிலாளியின் கை சரியில்லாத இடத்தில் ஃபோட்டான் செத்துப்போகும். அவருக்கும் இதில் பயிற்சி வேண்டும். தரமணியிலிருந்து அம்பத்தூருக்கும் செம்பரம்பாக்கம் வழியே ஸ்ரீபெரும்புதூருக்கும் பயன்படாத இழைகளில் ஒரு ஜோடியை, கத்திரி வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் கடந்துபோகும் ஒரு முழு ஆண்டுக்குச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கிடைக்கும் பிழை அளவை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.