தும்பாவின் மாலை வானமும் மூலக்கூறுகளின் ஒளியும்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் ஒன்று ஏவப்பட்டது. ராக்கெட் அமெரிக்கா அளித்தது. அதனுள் இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சு அளித்தது. தரையில் கதிரவன் மறைந்த பின்னரும் மேல் வானில் வெயில் இருந்தமையால், வெளிப்பட்ட ஆவி செம்மஞ்சள் முகிலாய் ஒளிர்ந்தது. இத்தகைய முகில் நகரும் விதத்தைப் படமெடுத்து, மேல்வளியில் வீசும் காற்றின் திசையையும் வேகத்தையும் விஞ்ஞானிகள் கணிக்கின்றனர்.

சோடியம் தனி அணு. அதன் எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்கு மாறுகையில் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள இரு மெல்லிய மஞ்சள் கோடுகளே தோன்றுகின்றன. மூலக்கூறின் செய்தி வேறு. அதன் அணுக்கள் கம்பிச்சுருளால் பிணைத்த குண்டுகளைப் போல அதிர்ந்துகொண்டே இருக்கும். அவ்வதிர்வின் சக்தியும் படிப்படியாகவே மாறும். எலக்ட்ரான் நிலைகளை மாடிகள் எனக் கொண்டால், அதிர்வு நிலைகள் ஒவ்வொரு மாடியிலும் அமைந்த படிகளாகும்.

மேல்வளி ஆராய்ச்சியில் டிரைமெத்தில் அலுமினியம் என்னும் திரவமும் உலகின் பல இடங்களில் பயன்பட்டு வந்துள்ளது. அது மேல்வளியின் ஆக்சிஜனோடு கூடும்போது அலுமினியம் மோனாக்சைடு மூலக்கூறு உண்டாகி, வெயிலில் நீலப்பச்சையாய் ஒளிர்கிறது. அதன் ஒளியில் கோடுகளுக்குப் பதிலாகப் பட்டைகள் காணப்படும். அதிர்வுப்படி மாறாத பட்டை 4842 ஆங்ஸ்ட்ராமில் தொடங்குகிறது. மேல்மாடியின் முதற்படியிலிருந்து கீழ்மாடியின் தளத்திற்கு இறங்கினால் 4648. மேல்மாடியின் தளத்திலிருந்து கீழ்மாடியின் முதற்படிக்கு இறங்கினால் 5079. இம்மூலக்கூறில் மாடியின் உயரம் படியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு.

மூலக்கூறு சுழலவும் செய்வதால், ஒவ்வொரு பட்டையும் நெருங்கிய பல நுண்கோடுகளாகப் பிரிகிறது. வெப்பம் மிகுந்தால் விரைந்து சுழலும் மூலக்கூறுகள் பெருகும்; பட்டையின் ஒளி அகன்று பரவும். வெப்பமானி பயன்படாத அந்த மெல்லிய காற்றின் வெப்பநிலையை இப்பரவலைக் கொண்டே கணக்கிடலாம்.

இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் பள்ளியிலேயே காட்டலாம். புன்சன் விளக்கின் சுடரில் சிறிது சமையல் உப்பைத் தூவி, எளிய நிறமாலை காட்டியால் நோக்கினால் சோடியத்தின் மஞ்சள் கோடு தெரியும். உப்பில்லாத நீலச் சுடரின் உட்கூம்பை நோக்கினால், கார்பன் மூலக்கூறுகளின் பச்சை, நீலப் பட்டைகள் தெரியும். முன்னது அணுவின் ஒளி. பின்னது மூலக்கூறின் ஒளி.