கழுகோடு முடியாத சங்கிலி

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறி இட்டதும் உணவுச் சங்கிலிப் பாடம் முடிந்துவிடுகிறது. இறந்த மாட்டை எது உண்ணும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வேலையைச் செய்துவந்தவை பாறுகள். பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளித்துச் சொல்கிறோமே, அவைதான். புல் தின்ற மாட்டை உண்ணும்போது பாறு இரண்டாம் நிலை நுகர்வோர். புலியின் உடலை உண்ணும்போது அதற்கும் மேல். ஒரே படியில் நிற்காத இந்தப் பறவையைக் கொண்டே, சங்கிலி ஏன் வலையாகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்கிவிடலாம்.

1990-களில் இந்தியாவில் பாறுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, அவை இறந்த பின்னும் உடலில் தங்கி, உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சடலங்கள் தெருநாய்களுக்குப் போயின. நாய்களோடு வெறிநாய்க்கடி அபாயமும் பெருகியது. பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பவைகள் எப்படியும் மிச்சத்தை மண்ணில் சேர்த்துவிடும். ஆனால் பாறுகளின் வேகம் அவற்றுக்கு இல்லை.

2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை என்பதால் மீட்சி மெதுவாகவே நடக்கிறது. நீலகிரி அடிவாரத்தின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன.